பாட்டுக்காக ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

ஓக்னியானுக்கு ஒரு ஆடு வேண்டுமாம். வெள்ளை ஆடு, அதுவும் முகத்தில் சோகம் இருக்கிற ஆடு. ரலித்சா கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். எதற்கு ஆடு என்று வாயைத் திறந்தால் போதும், அவன் விளக்க ஆரம்பித்துவிடுவான். அவன் விளக்கத்தைக் கேட்பதைவிட ஆட்டையே தேடிப் பிடித்துக் கொடுத்துவிடலாம்.

தலைநகர் சோஃபியாவில் சினிமாப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தான் அவன். பரீட்சைக்கு ஒரு பாட்டுப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். அப்பா நாடகக்காரர், அம்மா நாடகக்காரி, வீடு ஐந்தாவது மாடி. மண்ணைப் பூந்தொட்டியில் பார்த்திருந்தால்தான் உண்டு. அப்பேர்ப்பட்டவன் வாயைத் திறந்தால் வேர், மண், உண்மை, ஆதி என்று கொட்டுவான். ஊர்ப்பக்கம் வளர்ந்தவள் என்பதற்காகவே ரலித்சாவை ஏதோ தோண்டியெடுத்த பானையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பாடுகிறவள். பகலில் பாஷைப் படிப்பு, வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் ஒரு மதுக்கடையின் நிலவறையில் கிதாரை வைத்துக்கொண்டு சொந்தப் பாட்டுகள். நாட்டுப்புற மெட்டுதான், ஆனால் வார்த்தை அவளுடையது. அங்கேதான் ஓக்னியான் அந்தப் பாட்டைக் கேட்டான். 'மேஜையில் வைப்பது மூன்று கரண்டி, கழுவி எடுப்பது இரண்டு' என்று ஆரம்பிக்கும். கேட்டு முடித்ததும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். இந்த வலி எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கேட்டான். இந்த நூற்றாண்டுதான், எங்கப்பா ஸ்பெயினுக்குப் போய் எங்களை மறந்துவிட்டார், என்று அவள் சொன்னாள். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனாலும் சமாளித்துக்கொண்டான்.

அப்பா பெயர் காமென் ருசினோவ். சொந்த ஊரான லெஸ்கோவாவில் மேஜை நாற்காலி செய்கிற ஆலை மூடினபோது, தரையில் ஓடு பதிக்கிற வேலைக்கென்று ஸ்பெயினுக்குப் போனார். முதலில் வாராவாரம் போன் வந்தது. பிறகு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வந்தது. பிறகு நம்பரே மாறிவிட்டது. நாலு வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. அங்கே அவர் இருக்கிற அதே ஊரில் வேலை செய்கிற ஒன்றுவிட்ட சித்தப்பா ஸ்பாஸிடம் கேட்டால், நல்லா இருக்கார், உடம்புக்கு ஒண்ணுமில்லை என்பார். அதற்கு மேல் கேட்டால் லைன் சரியில்லை என்பார்.

இந்தக் கதையில் ரலித்சாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அப்பா இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஒரு தடவை போன் பண்ண வேண்டும். வெறும் பாட்டை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. படமாக இருந்தால், அதுவும் சொந்த ஊரைக் காட்டுகிற படமாக இருந்தால், ஃபேஸ்புக்கில் லெஸ்கோவாக்காரர்கள் குழுவில் போட்ட அரைமணியில் ஜெர்மனியிலிருந்து ஸ்பெயின்வரை கூலிவேலைக்குப் போன அத்தனை பேரும் பார்த்துவிடுவார்கள். அப்பாவும் அந்தக் குழுவில் இருந்தார். பேசமாட்டார், ஆனால் இருந்தார். இதற்காகத்தான் அவள் ஓக்னியானைச் சகித்துக்கொண்டாள், ஆட்டையும் சகித்துக்கொண்டாள்.

அவள் மனதில் இருந்த படம் ரொம்பச் சின்னது. அம்மாவின் சமையலறை, மேஜை, அம்மாவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பீன்ஸ் சூப் குடிக்கிறார்கள். மூன்றாவது தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி. அவ்வளவுதான். பாட்டு முடிகிறவரை காமெரா அசையவே வேண்டாம். அப்பா பார்த்தால் அந்தத் தட்டை அடையாளம் தெரியும், விளிம்பில் நீலக்கோடு போட்ட தட்டு.

ஓக்னியான் இதைக் கேட்டுவிட்டுக் கனிவோடு சிரித்தான். அந்தக் கனிவுதான் அவனிடம் அவளுக்கு மிகவும் பிடிக்காதது.

"பாட்டுல கரண்டின்னு வருது. படத்துலயும் கரண்டியைக் காட்டினா அது பாலர் வகுப்பு, ரலி. கரண்டியைத் தவிர மத்த எல்லாத்தையும் காட்டணும்."

மத்த எல்லாத்தையும் என்றால் நிஜமாகவே எல்லாவற்றையும்தான். ஏப்ரலில் பிளம் மரங்கள் பூத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை லெஸ்கோவாவுக்கு ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து புகை விடுகிற மெஷின், சல்லடை, மரத்தொட்டி, அவன் அம்மாக்காரி நாடகக் கொட்டகையிலிருந்து இரவல் வாங்கிக் கொடுத்த பாவாடைகள், ஒரு கூக்கர் வேஷம் எல்லாம் இறங்கின. கடைசியில் காமெராக்காரி நெவேனா இறங்கினாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. காட்டு என்றால் காட்டுவேன், நிறுத்து என்றால் நிறுத்துவேன் என்கிற ரகம்.

ரலித்சாவின் அம்மா டோன்கா வீட்டின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடி திருத்துகிற கடை வைத்திருந்தாள். கையில் சாயப் பிரஷோடு வாசலில் வந்து நின்று சாமான்கள் இறங்குவதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓக்னியான் உள்ளே போய்ச் சமையலறையைப் பார்த்து முகம் சுண்டிப்போய் வெளியே வந்தான். வெள்ளை டைல்ஸ், மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜின் மேல் மாட்டின காந்தப் பொம்மைகள். மண் அடுப்பு இருக்கிற வீடு பக்கத்தில் ஏதாவது உண்டா என்று பணிவாகக் கேட்டான்.

"எங்க வீட்டுலயே இருந்துச்சு தம்பி. இடிச்ச அன்னைக்கு நான் தெருவுக்கே இனிப்பு குடுத்தேன்," என்றாள் டோன்கா.

பாவாடைகள் இன்னொரு கூத்து. சமவெளிக்காரர்கள் கட்டுகிற, சிவப்பு ஏப்ரன் வைத்த பாவாடை. மலையடிவாரத்தில் இருக்கிற லெஸ்கோவாவில் எந்தக் காலத்திலும் எவளும் அதைக் கட்டினதில்லை. ரலித்சா அதைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நின்றபோது எதிர்க்கரையில் போன இரண்டு பெண்கள் எந்த ஊர்க் கல்யாணம் என்று விசாரித்தார்கள். ஓக்னியானிடம் சொன்னாள். சிவப்புதான் பச்சைக்கு எதிரில் எடுப்பாகத் தெரியும், வட்டாரமெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள், என்றான். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் உண்மை, உண்மை என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவன்.

கூக்கர் வேஷம் இருக்கிறதே, உடம்பு முழுக்க ஆட்டு ரோமமும் இடுப்பில் முதுகு முறிகிற கனத்தில் மணிகளும் முகத்தில் கொம்பு வைத்த பூச்சாண்டித் தலையும், அதைக் குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஆண்கள் போட்டுக்கொண்டு வீடுவீடாகக் குதிப்பார்கள். கெட்டதை விரட்டுவதற்கு. ஓக்னியான் தன்னோடு வேனில் வந்த வகுப்புத் தோழன் ஒருத்தனுக்கு அதை மாட்டி ஏப்ரல் வெயிலில் பிளம் மரத்தடியில் நிறுத்தினான். ரலித்சா அந்த உருவத்தைப் பார்த்துப் பாட வேண்டும். ஏனென்றால் அதுதான் அப்பா.

"அவங்கப்பனுக்கு அவ்வளவு ரோமம் கிடையாது. முப்பத்தஞ்சுலயே வழுக்கை," என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள் டோன்கா.

ஓக்னியான் அவளைப் பார்த்து அதே கனிவோடு சிரித்தான். இது உருவகம், என்றான். எங்கிருந்தோ பிடித்துவந்து கட்டியிருந்த வெள்ளை ஆடு அதற்குள் பூத்த கிளை ஒன்றை முழுசாகத் தின்று முடித்திருந்தது. அன்றைக்கு எடுத்ததை எல்லாம் சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது ரலித்சாவுக்கு அழுகையே வந்துவிட்டது. புகை, மணி, ரோமம், நடுவில் தப்பான ஊர்ப் பாவாடையில் தப்பான முகத்தோடு அவள். இதை அப்பா பார்த்தால் போன் பண்ணமாட்டார், சேனல் மாற்றுவார். இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு அபத்தத்தை முழுங்கினது இதற்குத்தானா என்று நினைத்தாள். அன்றைக்கு அவள் ஓக்னியானை வெறுத்த வெறுப்புக்கு அளவு கிடையாது.

மறுநாள் சனிக்கிழமை மேகம் போட்டு வெளிச்சம் சரியாக இல்லை. ஓக்னியான் தெருவில் மேலும் கீழும் நடந்தான். அப்போதுதான் அவன் கண் கேட்டுகளின் மேல் விழுந்தது. லெஸ்கோவாவில் எந்த வீட்டுக் கேட்டிலும் செத்தவர்கள் இல்லாமல் இருக்கமாட்டார்கள். கறுப்புக் கரை போட்ட காகிதம், மேலே சிலுவை, நடுவில் சிரித்துக்கொண்டிருக்கிற படம், கீழே கண்ணீரோடு இன்னார் இன்னார். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, இருபது வருஷத்துக்கு முன்னால் போனவர்களும் அதில் இருப்பார்கள். ரலித்சா இதையெல்லாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள், அதனால் பார்த்ததே இல்லை. ஓக்னியான் ஒரு கேட்டின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அவன் யோசனை இதுதான். கூக்கர் வேண்டாம். ரலித்சா தன் வீட்டுக் கேட்டில் தன் அப்பாவின் கண்ணீர் அஞ்சலியைத் தானே ஒட்டிக்கொண்டு பாட வேண்டும். நிஜப் படம், நிஜப் பெயர்.

உனக்கென்ன பைத்தியமா, உயிரோட இருக்கிற மனுஷனுக்கு யாராவது நோட்டீஸ் ஒட்டுவார்களா என்று அவள் கேட்டாள். அதனால்தான் ஒட்டணும் என்றான் அவன். அவனுக்குப் பதில் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறொரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா ஆட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார், புகையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார், கரண்டியைப் பார்த்தாலும் ஒருவேளை சும்மா இருந்துவிடுவார். கறுப்புக் கரைக்குள் தன் முகத்தைப் பார்த்துவிட்டு எந்த மனுஷனால் சும்மா இருக்க முடியும்? திட்டுவதற்காவது போன் பண்ணித்தானே ஆக வேண்டும்? திட்டட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். குரல் கேட்டால் போதும்.

போனிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தாள். யாருடைய கல்யாணத்திலோ அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். வாசகத்தையும் அவளே சொன்னாள். அன்புக் கணவரும் தந்தையுமான காமென் ருசினோவ், கண்ணீருடன் மனைவி டோன்கா, மகள் ரலித்சா. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எங்கள் வீட்டுக் கேட்டில் மட்டும், எடுத்து முடித்ததும் கிழித்துவிட வேண்டும், அம்மாவுக்குத் தெரியக்கூடாது. ஓக்னியான் சத்தியம் பண்ணாத குறையாகத் தலையசைத்துவிட்டு அச்சடிக்கப் போனான்.

இங்கேதான் அந்த மகானுபாவன் தன் கைவரிசையைக் காட்டினான். லெஸ்கோவாவில் இந்த நோட்டீஸ் அடிக்கிற கடை ஒன்றே ஒன்றுதான், சவப்பெட்டிக் கடை. கடைக்காரம்மா படத்தைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை வேண்டும், எப்படி என்று கேட்டாள். ஒன்றே ஒன்று என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் ஓக்னியான் அந்தக் கடையில் நின்றுகொண்டு ஊரின் ஆதி வாசனையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டிருந்தான். உங்க வழக்கம் எப்படியோ அப்படியே செய்யுங்கம்மா, என்று சொன்னான். அதைச் சொன்னதில் அவனுக்கு ஒரே புல்லரிப்பு. இதைத் திரும்பி வந்து அவனே பெருமையாகச் சொன்னான். கையில் ஒரு நோட்டீஸ்தான் கொண்டுவந்தான், மிச்சத்தை அவங்களே வச்சுக்கிட்டாங்க என்றான். ரலித்சாவும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையில் ஒரு நகல் வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். அவள் வீட்டில் கடைசியாக ஒருவர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அம்மா கடையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்துகொண்டிருந்த நேரத்தில் கேட்டில் ஒட்டி எடுத்தார்கள். அந்த ஒரு காட்சி மட்டும் நன்றாக வந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ரலித்சா பசையைத் தடவி அப்பாவின் முகத்தை உள்ளங்கையால் நீவி ஒட்டினாள். காகிதத்தின் ஒரு மூலை எழும்பி எழும்பி வந்தது. அதை அமுக்கிக்கொண்டே பாடினாள். நிறுத்து என்று யாரும் சொல்லாததால் நெவேனா நிறுத்தவில்லை. முடிந்ததும் ரலித்சா அதைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போனவர்கள் சர்ச் வாசலில் காமென் ருசினோவைப் பார்த்தார்கள். ரொட்டிக் கடைக்குப் போனவர்கள் அங்கே பார்த்தார்கள். பஸ் நிறுத்தத்தில், முனிசிபாலிட்டி பலகையில், மூடிக்கிடக்கிற ஆலையின் கதவில், அவர்கள் தெருவின் ஒவ்வொரு கம்பத்திலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிரித்தார் அவர். இந்த ஊரில் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தால் ஆள் வைத்து ஊர் முழுக்க ஒட்டிக் கொடுப்பதும் அதில் சேர்த்திதான். அதுதான் வழக்கம். அதைத்தான் ஓக்னியான் அப்படியே செய்யச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

டோன்காவுக்கு விஷயம் தெரிந்தது பக்கத்து வீட்டுப் பென்கா அவளைக் கட்டிப்பிடித்து அழுதபோது. சாவு வீட்டு வழக்கப்படி வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் வாதுமையும் போட்டுக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள் பென்கா. டோன்கா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, அவளை உட்காரச் சொல்லிவிட்டு, சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ரலித்சா முகத்தைப் பார்த்தாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"படம் நான்தாம்மா குடுத்தேன்."

"போய் எல்லாத்தையும் கிழிச்சுட்டு வா."

"இன்னைக்கு ஒருநாள் இருக்கட்டும்மா. யாரோ குழுவுல போட்டுட்டாங்க. அவர் பார்க்கட்டும்."

"பார்த்தா?"

"போன் பண்ணுவார்."

டோன்கா கோதுமைக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். மகளை அடிக்கப் போகிறாள் என்றுதான் தோன்றியது. ஆனால் அடிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சரி, நானும் பார்க்கிறேன், என்றாள். அவளுக்கும் ஆசை இருந்தது பாருங்கள். நாலு வருஷமாகப் புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவளுக்கும் இருந்தது. மகளுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வீடு நிறைந்துவிட்டது. சாவுக்கென்றே இரட்டைப்படையில் பூ, மெழுகுவர்த்தி, பிராந்திப் பாட்டில். கிளாஸை மோதாமல் ஒரு சொட்டைத் தரையில் ஊற்றிவிட்டுக் குடித்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் வழக்கப்படி செத்தவரைக் கடவுள் மன்னிக்கட்டும் என்றார்கள், டோன்கா பல்லைக் கடித்துக்கொண்டு கடவுள் மன்னிக்கட்டும் என்று திருப்பிச் சொன்னாள். எப்படி ஆச்சு என்று கேட்டவர்களுக்கு இன்னும் முழு விவரம் தெரியவில்லை என்றாள். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அதுவரை காமெனைப் பற்றி ஊரில் எவரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு ஓடினவன் என்பார்கள். அன்றைக்கு அவர் தங்கமான மனுஷன் ஆகிவிட்டார். குடும்பத்துக்காக உழைச்சே தேய்ஞ்சுபோனான் என்றார் ஒருவர். ரலித்சா சமையலறைக்குள் போய் ஒரு டவலைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஊருக்கு வெட்கமே கிடையாதா என்று இருந்தது. செத்தால் போதும், எவனும் யோக்கியன்.

இந்தக் கும்பலில் ஓக்னியான் மட்டும் பரம சந்தோஷமாக இருந்தான். திரைக்குப் பின்னால் நெவேனாவை நிறுத்தி, பென்காவின் கண்ணீரை எடு, அந்தக் கிழவனின் கையை எடு, பூவை எடு என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தான். ரலித்சாவைப் பார்த்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். இதைக் காசு கொடுத்து வாங்க முடியுமா, எல்லாம் நிஜம் ரலி, என்றான். செத்தவன் பொய், அழுகிறவர்கள் நிஜம், இதைவிட என்ன வேண்டும் என்றான். அவள் அவன் கையை எடுத்துவிட்டாள். அவன்மேல் கோபப்படக்கூட அன்றைக்கு அவளுக்கு நேரமில்லை. போன் அவள் ஏப்ரன் பையில் இருந்தது. குழுவில் அந்த நோட்டீஸுக்குக் கீழே வரிசையாகச் சிலுவைகளும் கண்ணீர்த் துளிகளும் வந்து விழுந்தன. ஹாம்பர்க்கிலிருந்து ஒருத்தர், வாலென்சியாவிலிருந்து ஒருத்தர். அப்பாவிடமிருந்து எதுவும் இல்லை. இப்போது பார்த்திருப்பார், அதிர்ந்துபோயிருப்பார், நம்பரைத் தேடிக்கொண்டிருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே தட்டுகளைக் கழுவினாள்.

மத்தியானம் தாண்டி அம்மாவின் போன் அடித்தது. ஸ்பெயின் நம்பர். ரலித்சா பாய்ந்து எடுத்து, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்தாள். டோன்கா கதவைச் சாத்தினாள். சாத்துவதற்குள் ஓக்னியான் நெவேனாவையும் இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டான்.

"அண்ணி, நான் ஸ்பாஸ். பதறாதீங்க. அண்ணன் சாகலை."

"தெரியும். சொல்லு," என்றாள் டோன்கா.

ஸ்பாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டுத்தடுமாறிச் சொன்னார். சாப்பாட்டு வேளையில் நோட்டீஸைப் பார்த்து உயிரே போய்விட்டது, விழுந்தடித்து வீட்டுக்கு ஓடினேன், அண்ணனே வந்து கதவைத் திறந்தார், கையில் குழந்தையோடு, என்றார். குழந்தை என்றதும் அவரே நிறுத்திக்கொண்டார். எந்தக் குழந்தை என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

"அவர்கிட்டக் காட்டினீங்களா சித்தப்பா?" என்றாள் ரலித்சா.

"காட்டினேன் பாப்பா."

"என்ன சொன்னார்?"

லைன் நன்றாகத்தான் இருந்தது. ஸ்பாஸ் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், ஊர்ல எல்லாரும் நம்பிட்டாங்களான்னு கேட்டார்."

"அப்புறம்?"

"நம்பிட்டாங்க போலிருக்குன்னு சொன்னேன். அப்படின்னா அப்படியே இருக்கட்டும், நீ எதுவும் சொல்லிக்காதேன்னார். எனக்கு மனசு கேட்கலை பாப்பா, அதான் பண்ணினேன்."

"யார் போட்டதுன்னு கேட்டாரா?"

"கேட்கலைம்மா."

டோன்கா போனை எடுத்து, நல்லா இரு ஸ்பாஸ் என்று சொல்லி அணைத்தாள். ரலித்சாவுக்குத் தன் பாட்டுதான் முதலில் நினைவுக்கு வந்தது, அதை நினைத்துக் கூசினாள். யாருக்காகவோ ஒரு தட்டு வைத்து, கரண்டி வைத்து, மெட்டுப் போட்டு, நிலவறையில் உட்கார்ந்து குடிகாரர்களுக்குப் பாடி, ஆட்டுக்குப் பக்கத்தில் நின்று பாடி, கடைசியில் அந்த மனுஷன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. செத்தது அவருக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. பொய்யாகவாவது பதறியிருக்கலாம். ஓக்னியான்மேல் இத்தனை நாள் செலவழித்த வெறுப்பை அவள் வீணாக்கிவிட்டாள் என்று தோன்றியது. அதை இந்த ஆளுக்கென்று சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

"இதுதான் முடிவு," என்று ஓக்னியான் மெதுவாகச் சொன்னான். "ரலி, உங்க சித்தப்பாவைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொல்லேன். மைக் பக்கத்துல இல்லை."

நெவேனா காமெராவைக் கீழே இறக்கி மேஜைமேல் வைத்தாள். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் நிறுத்தினாள். டோன்கா ஓக்னியானைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"தம்பி, தோட்டத்துல அந்த ஆடு கட்டியிருக்கு. அதைக் கூட்டிட்டுக் கிளம்பு. உங்க ரெண்டு பேர்ல அதுக்குத்தான் கொஞ்சம் வெட்கம் இருக்கு."

அவன் இதையும் கனிவோடு எடுத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. முகம் சிவந்துபோய் வெளியே போனான். டோன்கா மகளிடம் திரும்பினாள். இனிமேல் ஒருத்தரிடமும் நான் அந்த ஆளுக்காகக் கடவுளிடம் சிபாரிசு பண்ணமாட்டேன், நீ ஒட்டினது, நீயே போய் உண்மையைச் சொல்லு, என்றாள்.

ரலித்சா போனாள். எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கம்பங்களில் இருக்கிறதைக் கிழித்துவிட வேண்டும் என்றுதான் போனாள். கேட்டுக்கு வெளியே டோப்ரி நின்றுகொண்டிருந்தார். ஆலையில் அப்பாவுக்குப் பக்கத்து மெஷின்காரர். முழங்கால் சரியில்லாதவர், மேட்டில் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் நாலு ட்யூலிப். அப்பா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை என்று இத்தனை வருஷம் கோபமாக இருந்ததாகச் சொன்னார், இப்போது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை என்றார். அந்த ஒருத்தர்தான் அன்றைக்கு நிஜமாக அழுதுகொண்டிருந்தார்.

"எப்பம்மா ஆச்சு?" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது வேறு.

"நாலு வருஷமாச்சு மாமா."

"நாலு வருஷமா? நீங்க யாரும் சொல்லவே இல்லையே."

"எங்களுக்கே இன்னைக்குத்தான் சேதி வந்துச்சு."

டோப்ரி தொப்பியைக் கழற்றிக்கொண்டார். தலையைக் குனிந்து, கடவுள் மன்னிக்கட்டும் என்றார். சொல்லிவிட்டு, வீட்டுக்காரர்கள் திருப்பிச் சொல்ல வேண்டியதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"கடவுளாவது மன்னிக்கட்டும்," என்றாள் ரலித்சா. பூவை வாங்கிக்கொண்டு அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.